முரசு கேட்கும் தூரம்

ஊசிமலைத் தோட்டத்து பெக்டரியில் இருபத்திரண்டு வருடம் ரோலர் மெஷின் அருகே நின்றதில் கன்னையாவின் வலது காது முழுதாகப் போயிருந்தது. இடது காதுக்கு யாராவது வாயைக் கிட்டக் கொண்டுவந்து பேசினால் கேட்கும். மெஷின் ஓடும்போது டீமேக்கர் ஐயா எதைக் கத்தினாலும் கன்னையா தலையாட்டிவிடுவார். ஆட்டினால் ஐயா போய்விடுவார்; ஆட்டாவிட்டால் கிட்ட வந்து இன்னொரு தரம் கத்துவார். இந்தப் பழக்கத்தால் தோட்டத்தில் அவருக்கு ஒழுங்கான வேலைக்காரன் என்று பெயர். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு பெப்ரவரி மாதம், அதே பழக்கத்தால், அவர் ஒரு பேரரசின் எல்லையை விரிக்கத் தொடங்கினார்.

அன்று காலை பலாங்கொடைப் பக்கமிருந்து இரண்டு ஜீப்புகள் தோட்டத்துக்கு ஏறி வந்தன. முதல் ஜீப்பில் வெள்ளை உடையில் நான்கு கனவான்கள். இரண்டாவதில் துப்பாக்கியோடு இரண்டு பேரும் ஒரு பெரிய முரசும் அதை அடிப்பதற்கு ஒருவரும். கன்னையா லீவுத் துண்டு வாங்க ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். கிளாக்கர் வெளியே வந்து, "சிங்களம் தெரிஞ்ச ஆள் ஒண்ணு இவங்களோட போகணுமாம்" என்றார். அந்தத் தோட்டத்தில் சிங்களம் தெரியாதவர் கிடையாது. ஆனால் வாசலில் நின்றது கன்னையா ஒருவர்தான். கிளாக்கர் சொன்னது சரியாகக் காதில் விழாததால் அவர் தலையாட்டினார்.

துப்பாக்கிகளைப் பார்த்த பிறகு, எனக்கு விளங்கவில்லை என்று சொல்லும் எண்ணமும் அவருக்குப் போய்விட்டது. போன மாதம்தான் தோட்டத்தின் மேல் பிரிவில் இரண்டு பேரைச் சும்மா விசாரிக்க என்று கூட்டிப் போயிருந்தார்கள். ஒருவர்தான் திரும்பி வந்தார். வந்தவரும் யாரோடும் பேசுவதில்லை.

வந்திருந்தது மாகாணக் காவிய எல்லைச் சபை. அதன் தலைவர் ஏக்கநாயக்க, ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. ஒருவர் குடை பிடிக்க, ஆபீஸ் முற்றத்தில் நின்று தாம் வந்த விஷயத்தை அவர் விளக்கினார். எண்ணூறு வருடங்களுக்கு முன் மகாவீரபாகு என்றொரு மன்னர் இந்த மலையடிவாரத்துப் பாறையில் ஏறி நின்று போர்முரசு அறைந்தார். முரசின் ஓசை எதுவரை கேட்டதோ அதுவரையும் அவருடைய மண். 'ரணபேரி காவியம்' இதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்த மண்ணைக் கண்டுபிடித்து எல்லைக் குற்றி அடிப்பதே சபையின் வேலை.

"நில அளவைக்காரர்களை அனுப்பியிருக்கலாமே, சேர்?" என்று கிளாக்கர் பணிவோடு கேட்டார்.

"அவர்கள் சங்கிலி கொண்டு வருவார்கள். பழைய வரைபடம் கேட்பார்கள். காணி உறுதி எங்கே என்பார்கள். காவியம் எதையும் கேட்பதில்லை. அதனால் அளப்பதற்கு அதுதான் நம்பகமானது" என்றார் தலைவர்.

"அந்தக் காவியத்தை எழுதினது யாருங்க சேர்?"

"நான்தான். போன வருடம்."

கிளாக்கர் கொஞ்சம் யோசித்தார். "மன்னர் எண்ணூறு வருஷத்துக்கு முந்தி..."

"ஞாபகம்தான் பழையது. எழுத்துப் புதிது" என்றார் தலைவர். கிளாக்கர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முரசைப் பாறைக்குக் கொண்டுபோய் அறைந்து பார்த்தார்கள். மலையெல்லாம் பனிமூட்டம்; தோலில் ஈரம் ஏறியிருந்தது. சத்தம் தேயிலை மலையின் முதல் வளைவைக்கூடத் தாண்டவில்லை. சபை பாறை மேலேயே கூடி ஆலோசித்து, பழைய காலத்துக் காற்று சுத்தமானது என்றும், இன்றைய காற்றில் புகையும் பிற இனத்தவரின் பேச்சுச் சத்தமும் கலந்திருப்பதால் அதற்கு ஈடு செய்யவேண்டும் என்றும் தீர்மானித்தது. பலாங்கொடையில் கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் பளீல் வரவழைக்கப்பட்டார். அவர் வயரைப் பிரித்துக்கொண்டே கேட்டார்:

"சேர், எண்ணூறு வருஷத்துக்கு முந்திய சத்தம் எண்டா எத்தின வோட்ஸ் வெக்கிற?"

"வீரமாக வையுங்கள்" என்றார் தலைவர்.

அதன்பிறகு எல்லை அளத்தல் தொடங்கியது. முன்னால் மஞ்சள் கொடியோடு கன்னையா நடக்கவேண்டும். பக்கத்தில் சபையின் துணைச் செயலாளர். பின்னால் மஞ்சள் பூசிய குற்றிகளைச் சுமந்த இரண்டு கூலியாட்கள். அவர்களுக்கும் பின்னால் துப்பாக்கிக்காரர்கள். இருநூறு அடிக்கு ஒரு தடவை துணைச் செயலாளர் கன்னையாவின் பக்கம் திரும்பி, "கேட்கிறதா?" என்று சிங்களத்தில் கேட்பார். கன்னையாவுக்கு முரசும் கேட்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. உதடு அசைவது தெரியும். துப்பாக்கி தெரியும். தலையாட்டுவார். குற்றி இறங்கும்.

ஆறாம் நம்பர் மலை பேரரசுக்குள் வந்தது. பெக்டரி வந்தது. மரக்கறித் தோட்டங்கள் வந்தன. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் வந்தது. மாடசாமி கோயில் வந்தது. இருபத்திரண்டு குடும்பங்கள் வரிசை வீடுகளில் இருக்கும் கீழ் லயத்தை அடைந்தபோது துணைச் செயலாளருக்கே ஒன்றும் கேட்கவில்லை. அவர் காதில் கையை வைத்துக்கொண்டு கன்னையாவைப் பார்த்தார். கன்னையா தலையாட்டினார்.

"என்ன காது இது!" என்று துணைச் செயலாளர் வியந்து குறிப்பெழுதினார். கடைசிக் குற்றி கன்னையா குடியிருந்த காம்பரா வாசலுக்கு அப்பால், அவருடைய மனைவி இலட்சுமி கீரை போட்டிருந்த பாத்தியின் நடுவில் இறங்கியது. இலட்சுமி கதவருகே நின்று பார்த்தாள். கொடியைப் பிடித்திருப்பது தன் புருஷன் என்பதால் அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. குற்றிகளுக்குள் அடங்கும் இடம் இனிமேல் 'நினைவு நிலம்'. அங்கே குடியிருப்போர், தம் முன்னோர் மகாவீரபாகு மன்னரின் முரசை நேரில் கேட்டவர்கள் என்பதற்கு எழுத்துச் சான்று தரவேண்டும். தராதவர்கள் ஆறு மாதத்தில் வெளியேறவேண்டும். அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. 'பேரரசின் கேட்போன்' என்ற பட்டத்தைச் சபை கன்னையாவுக்கு வழங்கியிருந்தது.

லயத்தில் அன்று ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்துக் காம்பரா சின்னம்மா பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள், கன்னையாவைக் கண்டதும் குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு போனாள். இலட்சுமி அவருடைய இடது காதுப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்கதான் தலையாட்டுனீங்களாமே?"

"என்னா கேட்டாங்கன்னே எனக்கு வெளங்கல புள்ள."

"வெளங்கலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"துவக்கோட நின்னாங்க."

இலட்சுமி வெளியே லயத்துக் கதவுகளைப் பார்த்தாள். "எங்கெங்க போயி நிப்போம், இத்தன குடும்பமும்?" என்றாள். பிறகு, "கச்சேரில நம்ம ஆளு ஒருத்தரு இருக்காராமே. அவருகிட்ட மனு ஒண்ணு குடுத்துட்டு வாங்க. நீங்க கெடுத்தத நீங்கதான் போயி சொல்லணும்" என்றாள்.

நம்ம ஆள் என்று அவள் சொன்னது தம்பிராஜாவை. யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் காணிப் பகுதி மொழிபெயர்ப்பாளர். பதினோரு வருடமாக அதே நாற்காலியில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர் என்று யாரும் நினைவுபடுத்திவிடக் கூடாது என்பதற்காக ஆபீஸில் தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்கிற மனிதர். கன்னையாவின் மனுவை வாசித்ததும் அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பேச்சு வெளியே போகாதபடி மேசை விசிறியை முழு வேகத்தில் போட்டார். அதற்குப் பிறகு அவர் பேசியதில் ஒரு சொல்லும் கன்னையாவுக்குக் கேட்கவில்லை. தலையாட்டினார். தம்பிராஜாவின் கண் கலங்கியது. இவ்வளவு காலத்தில் தாம் சொன்னதை மறுக்காமல் கேட்ட முதல் ஆள் இவர்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். கதிரையை இழுத்துக் கிட்ட வந்தார். அப்போதுதான் கன்னையாவுக்கு விஷயம் விளங்கத் தொடங்கியது.

"அது அவையின்ர முரசு இல்லை, கன்னையா. எங்கட முரசு. கருமலைவென்றான் எண்டு ஒரு சோழத் தளபதி இருந்தவன். ஆயிரம் வருசத்துக்கு முன்னம் அந்தப் பாறையில ஏறி முரசறைஞ்சவன். நான் 'கருமலைவென்றான் பரணி' எண்டு எழுதியிருக்கிறன். உந்த மலை முழுக்க எங்கட."

"அப்ப எங்க லயம் எங்களுக்கே கெடைச்சிருங்களா ஐயா?"

"லயமோ?" தம்பிராஜா யோசித்தார். "பரணியில லயம் வராது. சனம் எண்டதே பெரிசா வராது. நீங்கள் படைக்குப் பின்னால சுமை தூக்கி வந்த ஆக்கள். அதை ஒரு அடியில சொல்லியிருக்கிறன்."

"நாங்க அப்ப வரலீங்களே. எங்க தாத்தா இந்தியாவுல மண்டபம் கேம்புல இருந்து கப்பலேறித்தான் வந்தாரு. வெள்ளக்காரன் காலத்துல."

"அது வந்ததில்லை. திரும்பி வந்தது."

"அவங்களும் இப்படித்தான் சொல்றாங்க ஐயா, அவங்க முரசுன்னு."

"அவை பிடிச்சது ஆக்கிரமிப்பு. நாங்கள் பிடிச்சது நாகரிகம் பரப்ப" என்றார் தம்பிராஜா. சொன்னதும் தமக்கே பயமாகி, கதவைத் திறந்து நடையில் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தார்.

வந்து, மேசை லாச்சியிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்தார். அதுதான் பரணி. அவர் இருந்த வாடகை அறையை அந்த மாதம் இரண்டு தடவை சோதித்திருந்தார்கள். தளபதியின் கொடியில் புலி இருந்தது. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் புலி என்ற ஒரு சொல்லே ஒருவரை உள்ளே போடப் போதும். ஆகவே தம்பிராஜா ஒரு வாரம் உட்கார்ந்து, முந்நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் புலியை வெட்டிவிட்டுப் பூனை என்று எழுதியிருந்தார். பூனைக்கொடி பறந்தது. பகைவர் பூனை கண்ட மான்போல் ஓடினர். தளபதி பூனையெனப் பாய்ந்தான்.

"யாப்புக் கொஞ்சம் உடைஞ்சு போச்சு. பரவாயில்லை. இதை உங்கட வீட்டில ஒளிச்சு வையும். நாட்டில நிலைமை மாறினாப் பிறகு திரும்பப் புலியாக்கலாம். உங்கட மனுவை நான் பாத்துக்கொள்ளுறன்."

மனுவைப் பார்த்துக்கொள்வேன் என்ற கடைசி வசனம் மட்டும் நன்றாகக் கேட்டதால் கன்னையா உறையை வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். வரிசையில் நிற்கும்போதே கன்னையா உறை இருந்த பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார். பையைத் திறந்த காவலர் உறையை உருவி, தாள்களைப் புரட்டினார். தமிழ் எழுத்தைக் கண்டதும் அவர் முகம் மாறியது. கன்னையாவின் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"என்ன இது?"

"கதை, சேர்."

"என்ன கதை?"

கன்னையா தாள்களைப் பார்த்தார். "பூனைக் கதை, சேர்."

"இவ்வளவு பெரிசாக ஒரு பூனைக்கா?"

"அது... ஊரெல்லாம் பிடிக்கிற பூனை, சேர்."

காவலர் வரிசையில் நின்ற தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார். மாவனல்லைப் பக்கம் துணி வியாபாரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த முஹ்ஸின் என்பவர். நடுவில் ஒரு பக்கத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். முஹ்ஸின் வாசித்தார். நெற்றியில் வியர்த்தது. பூனை வென்ற நாடுகளின் பட்டியல் அது. இந்தப் பூனை எந்தப் பூனை என்பது இரண்டாவது வரியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்ன எழுதியிருக்கு?"

"பூனைதான் சேர். எலி பிடிக்கப் போகுது" என்றார் முஹ்ஸின். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கன்னையாவின் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸின் பின்பக்கத்துக்குப் போய்விட்டார்.

காவலர் ஒரு புத்தகத்தில் 'பூனை' என்று எழுதிக்கொண்டார். உறையைத் திருப்பிக் கொடுத்தார். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "பிறகு கூப்பிடுவோம்" என்றார்.

அட்டை இல்லாத மனிதன் அந்த வருடங்களில் வீட்டை விட்டு நூறு அடி போகமுடியாது. கன்னையா பெக்டரிக்கும் லயத்துக்கும் நடுவில் மட்டும் நடந்தார். பரணியை அரிசி வாளிக்குள் வைத்து மேலே அரிசியைக் கொட்டினார். நாய் குரைத்தால் இலட்சுமிதான் அவருக்குச் சொல்வாள். சொன்னதும் இரண்டு பேரும் வாளியைப் பார்ப்பார்கள்.

ஆகஸ்ட் மாதம் சபை விசாரணைக்கு வந்தது. பெக்டரி முற்றத்தில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, விளக்கேற்றி, மகாவீரபாகு மன்னருக்கு இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செய்தார்கள். இருபத்திரண்டு குடும்பமும் ஒருபக்கம் நின்றது. கச்சேரியிலிருந்து மொழிபெயர்க்கத் தம்பிராஜா வந்திருந்தார். கன்னையாவைத் தெரியாதவர்போல் இருந்தார்.

தலைவர் ஏக்கநாயக்க எழுந்தார். "யாரும் பயப்படவேண்டாம். நாங்கள் யாருடைய நிலத்தையும் எடுக்க வரவில்லை. எங்கள் ஞாபகத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறோம். ஞாபகம் உங்கள் வீட்டுக்கு அடியில் கிடந்தால் நாங்கள் என்ன செய்வது? எங்களுக்கும் வருத்தம்தான். இந்த மலையில் தேயிலை நட்டது நீங்கள் என்கிறீர்கள். நட்டிருக்கலாம். ஆனால் ஒரு பாட்டாவது எழுதி வைத்தீர்களா? எழுதாதவனுக்கு எப்படி நிலம் கொடுப்பது? நாளைக்கு ஆடு மாடுகூட வந்து கேட்கும்."

தம்பிராஜா இதைத் தமிழில் சொன்னார். ஆடு மாட்டை விட்டுவிட்டார்.

கேட்போன் சாட்சி சொல்லும்படி அழைக்கப்பட்டார். இலட்சுமி அவருடைய முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினாள். காலையிலிருந்து அவர் காதில் ஒரே வசனத்தைச் சொல்லி அனுப்பியிருந்தாள். கன்னையா மேசைக்கு முன்னால் நின்றார். துப்பாக்கிக்காரர்கள் இரண்டு பேரும் அன்றும் வந்திருந்தார்கள். 

"ஐயா, எனக்குக் காது கேக்காதுங்க. ரோலர் மெசின்ல போச்சுங்க. அன்னைக்கி முரசு கேக்கவே இல்லீங்க. பயத்துல தலையாட்டிட்டேன். எங்க ஆளுங்கள விட்டுருங்க."

பின்னால் நின்ற பெண்கள் சிலர் விம்மினார்கள். தம்பிராஜா ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மூடிய கண்ணிலிருந்து நீர் வந்தது. கன்னையா அதை இரக்கம் என்று நினைத்தார்.

"கேட்டீர்களா?" என்று தலைவர் தழுதழுத்தார். "இவர் செவிடர்! ஒரு செவிடருக்கே இந்த லயம்வரை கேட்டிருக்கிறது என்றால், நல்ல காது உள்ளவனுக்கு எவ்வளவு தூரம் கேட்டிருக்கும்! என் காவியத்தில் நான் மன்னரை எவ்வளவு குறைத்துவிட்டேன்!"

சபையில் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். எல்லை இரட்டிப்பாக்கப்பட்டது. மேல் பிரிவின் நாற்பது குடும்பமும் அதோடு உள்ளே வந்தது. மேல் பிரிவுத் தொழிலாளர் தலைவர் வாயைத் திறந்தார், துப்பாக்கிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். கூட்டம் கலையும்போது தம்பிராஜா கன்னையாவின் பக்கத்தில் வந்து, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து நிமிரும்போது அவருடைய இடது காதருகே, "செவிடன் கேட்ட முரசு! இதைப் பரணியிலயும் சேர்க்க வேணும். அந்தத் தாளுகள் கவனம்" என்றார். கன்னையாவுக்கு அது கேட்டது. அன்று முதல்முறையாக அவர் தலையாட்டவில்லை.

அடுத்த வாரம் புதிய எல்லைக்குக் குற்றி அடிக்கப் போனார்கள். இந்த முறை கொடி பிடித்த கன்னையாவோடு தலைவரே வந்து நடந்தார். பளீல் இரண்டு ஒலிபெருக்கிகள் கொண்டுவந்தார். மேல் பிரிவைத் தாண்டி, ஊசிமலை உச்சியைத் தாண்டி, அந்தப் பக்கச் சரிவில் இறங்கினார்கள். இரட்டிப்பு என்பதை யாரும் வரைபடத்தில் பார்த்திருக்கவில்லை. காவியத்தில் பார்த்தால் போதும் என்று இருந்துவிட்டார்கள். இறங்கி முடிந்த இடத்தில் உயரமான மதில் ஒன்றும், இரும்புக் கதவும், உள்ளே புதிதாகக் கட்டிய மாளிகை மாதிரி ஒரு வீடும் நின்றன. வீட்டுக்குப் பின்னால் மாணிக்கக் குழிகள் வரிசையாகத் தெரிந்தன. அது மாகாணத்தில் பெரிய பதவியில் இருந்த ஓர் ஐயாவுடையது. பெயரைச் சொல்லத் தேவையில்லாத அளவுக்குப் பெரியவர். சபைக்கு ஜீப் கொடுத்ததும், துப்பாக்கிக்காரர்களைக் கொடுத்ததும் அவர்தான்.

இரும்புக் கதவு திறந்து, சாரத்தோடும் பனியனோடும் அவரே வெளியே வந்தார். கையில் பல்துலக்கும் பிரஷ்.

"என்ன ஏக்கநாயக்க, இந்தப் பக்கம்?"

தலைவரின் குடை சாய்ந்தது. "சும்மா... ஓர் இலக்கிய ஆராய்ச்சி, சேர்."

"குற்றி எதற்கு?"

"அது வந்து சேர்... முரசு கேட்கிற இடம்வரையும்..."

"என் வீட்டில் கேட்கிறதா?"

எல்லாரும் கன்னையாவைப் பார்த்தார்கள். துணைச் செயலாளர் பார்த்தார். துப்பாக்கிக்காரர்கள் பார்த்தார்கள். மலைக்கு அப்பால் பளீல் வீரமாக வைத்த சத்தம், காது உள்ள எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார்கள். தலைவர் கன்னையாவின் முகத்துக்கு நேரே வந்து நின்று, இல்லை என்று சொல் என்பதற்காகத் தம் தலையை இடமும் வலமும் மெதுவாக அசைத்துக் காட்டினார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. பெரிய மனிதர்களுக்கும் இப்படி வேர்க்கும் என்பதைக் கன்னையா அதற்கு முன் பார்த்ததில்லை.

அவருக்கு இலட்சுமியின் ஞாபகம் வந்தது. பாதிக் குடத்தோடு போன சின்னம்மாவின் ஞாபகம் வந்தது. அவர் தலையாட்டினார். அது போதாமல் போய்விடக்கூடும் என்று, சிங்களத்தில் வாய்விட்டே சொன்னார்:

"நல்லாக் கேட்கிறது, சேர். உங்கள் வீட்டுக்கு உள்ளேயும் கேட்கும்."

பெரியவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போய் ஒரே ஒரு போன் பேசினார்.

அன்று மாலைக்குள் ஊசிமலையில் ஒரு குற்றியும் இல்லை. அடித்த கூலியாட்களே வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். இலட்சுமியின் கீரைப்பாத்தியில் இருந்ததைப் பிடுங்கும்போது நாலு கீரையையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள். காவிய எல்லைச் சபை தன் ஞாபகத்தை வேறு மாவட்டத்துக்கு மாற்றிக்கொண்டது. 'ரணபேரி காவியம்' திருத்திய பதிப்பாக வந்தது. அதில் மன்னர் பாறையில் ஏறுகிறார், முரசைப் பார்க்கிறார், அடிக்கலாமா என்று எண்ணுகிறார், இறங்கிவிடுகிறார். அந்தத் தன்னடக்கத்தைப் பாராட்டி அதற்கு ஒரு பரிசும் கிடைத்ததாகக் கிளாக்கர் பத்திரிகையில் பார்த்துச் சொன்னார்.

அறுபத்திரண்டு குடும்பமும் தப்பியது. சின்னம்மா ஒரு தட்டில் வடை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் காலை, பெக்டரிக்குள்ளேயே வந்து கன்னையாவைக் கூட்டிப் போனார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தோளில் கை விழும்வரை அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

செய்தி கேட்டதும் இலட்சுமி அரிசி வாளியைக் கவிழ்த்தாள். பரணியை அடுப்பில் வைத்தாள். கருமலைவென்றானும் அவனுடைய பூனையும் அவன் வென்ற ஏழு நாடுகளும் எரிந்தன. ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கக்கூட அந்தச் சூடு போதவில்லை. மேலே விறகு வைக்கவேண்டியிருந்தது. ஒரு மணித்தியாலத்தில் வீட்டைச் சோதிக்க வந்தவர்களுக்கு அந்தத் தண்ணீரிலேயே தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு, வாளியையும் கிளறிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கன்னையாவைப் பதினோரு நாள் வைத்திருந்தார்கள். பெரியவர் வீட்டில் முரசு கேட்கிறது என்று சொல்ல உன்னை அனுப்பியது யார் என்பது ஒரு கேள்வி. பூனை யார் என்பது மற்றது. அவருக்குக் கேள்விகள் பாதிதான் கேட்டன. தெரியாத ஒரு கேள்விக்குத் தலையாட்டிவிடுவோமோ என்ற பயத்தில் பதினோரு நாளும் கழுத்தை இறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். தோட்டத் தொழிற்சங்கத் தலைவரும் கிளாக்கரும் வந்து, இவருக்குக் காது கேட்காது என்று டொக்டர் துண்டு காட்டிய பிறகுதான் விட்டார்கள். இடது காதில் மிச்சமிருந்த பாதியும் அங்கே போயிருந்தது. எப்படிப் போனது என்று அவர் சொல்லவில்லை.

தம்பிராஜா வேலைக்கு வருவதில்லை என்று கச்சேரிக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். லீவு எழுதிக் கொடுக்கவில்லையாம். வாடகை அறையில் சாமான்கள் அப்படியே இருந்தனவாம். அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் விசாரித்தவர் யார் என்று விசாரிப்பார்கள்.

வீட்டுக்கு வந்த கன்னையாவுக்கு இலட்சுமி சோறு போட்டாள். எதிரே உட்கார்ந்து, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னாள்: "இனிமே யாரு என்னா கேட்டாலும் நான் பேசிக்கிறேன்." அவர் சாப்பிட்டுக்கொண்டே அவளுடைய உதட்டைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல வெயில் அடித்தது. இலட்சுமி குழி விழுந்துபோன கீரைப்பாத்தியைச் சரிசெய்யச் சொல்லியிருந்தாள். லயத்து முற்றத்தில் பெண்கள் துணி காயப்போட்டுக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசல்களில் குழந்தைகள். கன்னையா அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து மண்ணைக் கொத்தினார்.

மண்வெட்டியைத் துடைக்க நிமிர்ந்து திரும்பியபோது முற்றத்தில் யாரும் இல்லை. ஈரத் துணிகள் பாதி கொடியிலும் பாதி கூடையிலும் கிடந்தன. யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு நடுவில் கவிழ்ந்திருந்தது. மற்ற இருபத்தொரு கதவும் சாத்தியிருந்தன. தம்முடைய கதவு மட்டும் ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்திருக்க, அதில் இலட்சுமியின் முகம் தெரிந்தது. அவள் வாய் பெரிதாகத் திறந்து எதையோ கத்திக்கொண்டிருந்தது. கன்னையா ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டு, இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். வெகுநேரம் கழித்துத்தான் இலட்சுமி பலகை இடுக்கால் வெளியே பார்த்தாள். ரோட்டில் தேயிலைக் கொழுந்து சிந்திக் கிடந்தது; ஜீப் என்று பயந்து எல்லாரும் ஓடியது கொழுந்து லொறியின் சத்தத்துக்கு. அது எப்போதோ போய்விட்டிருந்தது.

கன்னையாவிடம் அதைச் சொல்வதற்கு அவள் திரும்பினாள். அவர் இரண்டு கையாலும் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.